மூன்றாவது மைக்

"கேக்குதா?"

மேடையில் ஏறினால் அவன் மைக்கைத் தட்டிப் பார்க்கமாட்டான். எங்கள் சபையில் மைக் பிடிக்கிற மற்ற எல்லோரும் தட்டுவார்கள், ஊதுவார்கள். போதகரின் மனைவி நகத்தால் சுரண்டியே பார்த்துவிடுவார். தட்டாதீர்கள், கெட்டுப்போகும் என்று தலைகீழாக நின்று சொல்லியும் கேட்டுக்கொண்டது இவன் ஒருவன்தான். உதட்டுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் கடைசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலிலேயே ஒரு தடவை கேட்பான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அத்துடன் மூன்றாவது மைக்கின் சோதனை முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படித்தான் கேட்டான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் கட்டைவிரல் மேலே போய்விட்டது.

எங்கள் சபை ஒரு கட்டில் மெத்தைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே உடம்புக்கு இளைப்பாறுதல், மேலே ஆத்துமாவுக்கு என்று புதிதாக வருகிறவர்களிடம் போதகர் சொல்லாமல் விடமாட்டார். தாழ்ந்த கூரை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போது முனகுகிற மின்விசிறிகள். சத்தத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. சுவரில் பட்டது எல்லாம் திரும்பி வரும். வாரநாட்களில் நான் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். ஊரார் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஆறு நாள் சத்தம் வைத்துவிட்டு ஏழாம் நாள் ஆண்டவருக்கு வைக்கிறேன். சபையில் எனக்கு மைக்செட் என்றே பெயர் விழுந்துவிட்டது. நன்றாகக் கேட்டால் பாடினவர்களுக்குப் பாராட்டு, கேட்காவிட்டால் மைக்செட்டுக்குத் திட்டு என்பது எழுதாத சட்டம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரியும், என் முகம் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு இடம் எனக்குத் தேவைப்பட்டது.

அவனை எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. அவன் கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறாய், எனக்கு ஒரு பார்வை கொடுக்கக்கூடாதா என்று ஆரம்பத்தில் விளையாட்டாகக் கேட்டேன். கொடுத்தான். ஆராதனை முடிந்து சனங்கள் படியிறங்கிப் போன பிறகு கேபிள்களைச் சுற்றி வைக்கவேண்டும். இஷ்டத்துக்குச் சுருட்டினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். ஒரு சுற்று வெளிப்பக்கம், அடுத்தது உள்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க அவன் கையைப் பிடித்தேன். அவன் கற்றுக்கொண்ட பிறகும் பிடித்தேன். வெகு காலம் அந்தக் காலியான கூடமும் அந்தக் கேபிள்களும்தான் எங்களுக்கு இருந்தன.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆண்டவர் வேண்டும். வெளியாட்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். எங்களைப் போன்ற சிலரை எனக்குத் தெரியும். சபையை விட்டுத் தொலையேன்டா என்பார்கள் அவர்கள். சபையில் தெரிந்தால், அதை விட்டுத் தொலையேன்டா என்பார்கள் இவர்கள். சொல்கிற ஆள்தான் வேறு, சொல்வது ஒன்றேதான். நாங்களோ முத்தமிட்ட வாயாலேயே ஜெபித்தோம். அவன் எனக்காக ஜெபிப்பான், என் முதலாளியின் கோபத்துக்காக, என் அப்பாவின் மூட்டுவலிக்காக. நான் அவனுக்காக ஜெபிப்பேன். எங்களுக்காகச் சேர்ந்து என்ன கேட்பது என்று மட்டும் இருவருக்கும் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் அவசரமாக ஆமென் சொல்லிவிடுவோம்.

போன வருடம் அவன் மனசு படுத்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குளிக்கமாட்டான், கடைக்குப் போகமாட்டான், போன் எடுக்கமாட்டான். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. சபையில் வயிற்றுக்கோளாறு என்று பூசி மெழுகினார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அந்த நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூடவே இருந்தவர் போதகர். நான் பார்வை நேரத்தில் மற்ற வாலிபர்களோடு போய், மற்றவர்களைப் போலவே கொஞ்சம் பழம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே கிளம்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனே போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அத்தனை நாள் கூடவே உட்கார்ந்திருந்த மனுஷரிடம் எப்படிப் பொய் சொல்வது என்று என்னிடம் கேட்டான். யார் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொன்னானாம். அவரும் இதுவரை கேட்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது என்பதையும் அவன் மறைக்கவில்லை. அது பொய்யில்லை. அவளைப் பற்றி என்னிடம் பேசும்போதே அவன் முகம் மலரும், எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். அவனுக்கு இரண்டு பக்கமும் மனசு போகும். போதகர் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா தம்பி, கதவு பூட்டல. சும்மா சாத்தித்தான் இருக்கு" என்றாராம். உபவாசம் இருந்து ஜெபிப்போம், உன்னோடு நானும் சாப்பிடாமல் இருக்கிறேன் என்றும் சொன்னார். ஒரு வேளை உணவு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. மாத்திரையை மட்டும் விடாதே என்று அவர்தான் சொன்னார். அதையும் சொல்லவேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் கேபிளை எடுத்தபோது அவன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "இனிமே நீ மட்டும் சுத்திக்கோ" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம், இந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்வானே, அந்த மரியாதையோடு சொன்னான். சரி என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு அவன் 'கேக்குதா' என்றது எனக்குக் கேட்காமல் போனது. ஆராதனை தொடங்கியது. முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, அவனிடம் குரலே இல்லை. சாப்பிடாத வயிற்றிலிருந்து எங்கே வரும்? மேலே போகிற இடங்களில் காற்றுதான் வந்தது. முன்வரிசையில் அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவன் முகத்தில் ஒரு பயம் வந்ததைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த அதே பயம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்லலாம், ஆனால் கை ஓடியது. மூன்றாவது மைக்கின் லெவலை ஏற்றினேன். அடிக்குரலுக்குக் கொஞ்சம் கனம் சேர்த்தேன். எக்கோ வைத்தேன், எக்கோ என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு. கீபோர்டின் சத்தத்தை ஒரு படி இறக்கினேன். நோஞ்சான் குரலைத் தேற்றி உட்காரவைப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எத்தனையோ மாப்பிள்ளைகளின் நண்பர்களை மேடையில் காப்பாற்றியிருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். பாடுகிறவன் தன் குரலைக் கேட்பதற்கு அவன் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதில் எப்போதும் அவனுடைய குரலை உள்ளது உள்ளபடி கொடுக்கவேண்டும். அப்போதுதான் தான் எங்கே தப்புகிறோம் என்று அவனுக்குத் தெரியும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் இது. நான் அதிலும் அந்த ஜோடித்த குரலையே திருப்பிவிட்டேன். அவன் முகத்திலிருந்த பயம் போகவேண்டும், எனக்கு அப்போது அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. காலடியிலிருந்து தன் குரல் கனமாக, நிறைவாக எழும்பி வருவதைக் கேட்டு அவன் கண்ணைத் திறந்தான். பிறகு அழுதுகொண்டே பாடினான். கூடமே அழுதது. பாட்டு முடிந்ததும் போதகர் மைக்கை வாங்கி, "உபவாசத்துல எல்லாருக்கும் குரல் உள்ள போகும். இவனுக்கு வெளிய வந்திருக்கு. இது யார் வேலை?" என்று கேட்டார். ஆண்டவருடைய வேலை என்று சபை சொன்னது. நான் மிக்சரில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாரா வாரம் அவன் குரல் ஒரு படி இறங்கியது, நான் ஒரு படி ஏற்றினேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தான். சட்டைக்காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. சபையில் அவனைப் பற்றிப் பேச்சு பரவி, பக்கத்துச் சபைகளிலிருந்தும் அவன் பாடுவதைக் கேட்க வந்தார்கள். ஒருநாள் அவன் தங்கை, என்னிடம் ஏதோ ஒயர் கேட்க வந்தவள், அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று சந்தோஷமாகச் சொன்னாள். இனி தேவையில்லையாம்.

மறுநாள் மதியம் அவன் வேலை செய்யும் கடைக்குப் போனேன். கண் பரிசோதிக்கவேண்டும் என்று முன்னால் இருந்த பெண்ணிடம் சொன்னேன். கண் பரிசோதிக்கிற அறைக்குள் வெளிச்சம் கிடையாது, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் ஒளியாக இருக்கும். யாரோ வாடிக்கையாளரைப் போல அவன் என்னை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கனமான சோதனை பிரேமை என் மூக்கில் மாட்டினான். காதோரம் பட்ட விரல்கள் ஜில்லென்று இருந்தன. பெட்டியிலிருந்து கண்ணாடி வில்லையை எடுத்துப் பொருத்தும்போது இரண்டு தடவை தவறிப் பொருத்தினான்.

"மாத்திரை போடுறியா?" என்றேன்.

"நேரா பாரு. இது தெளிவா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா?"

"போடுறியா இல்லையா?"

"நிறுத்திட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லல. நானாத்தான்."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

அவன் வில்லையை மாற்றினான். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். "உன் குரல் போயிடுச்சுடா. நான்தான் ஏத்தி விடுறேன். லெவல், எக்கோ, எல்லாம். உன் கால்கிட்ட வர்ற சத்தம் நீ இல்ல. நான் பண்றது." இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் என் பிரேமை விரலால் நிமிர்த்தி நேராக வைத்தான்.

"ஏன் ஏத்தின?"

"என்னால பாக்க முடியல. அதான்."

"அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றான். ஆண்டவரைச் சொன்னான். "அவரால பாக்க முடியல. உன் கையைப் பிடிச்சு ஏத்திட்டார். உன் கைன்னு உனக்குத் தோணுது."

எந்த ஒயரை எங்கே பிடுங்கினால் இந்தச் சத்தம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் இருப்பதை அவன் ஜெபம் என்றான், தூங்காமல் இருப்பதை விழித்திருத்தல் என்றான், உள்ளே ஒன்றுமே உணராமல் இருப்பதைச் சமாதானம் என்றான். எல்லாவற்றுக்கும் நல்ல பெயர் இருந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப எனக்கு ஒரு சத்தமும் கேக்கலடா" என்றான் கடைசியாக, பிரேமைக் கழற்றிக்கொண்டே. "யாரு பேசினாலும் தூரத்துல எங்கயோ பேசுற மாதிரி. இப்ப அந்த ஸ்பீக்கர்ல ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்குது. அதை எடுத்துடாத." பிறகு விளக்கைப் போட்டான். "உனக்கு நிஜமாவே கண்ணாடி வேணும். தூரத்துல இருக்கிறது உனக்கு மங்கலாத்தான் தெரியுது."

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரோடு பேசவேண்டும் என்றேன். நீங்கள் அவருக்கு யார் என்று போனை எடுத்த பெண் கேட்டாள். நல்ல குரல், பொறுமையான குரல். தெரு ஓரத்தில் நின்று யோசித்தேன். ஃப்ரெண்டு என்றேன். "வீட்டு ஆளுங்க யாராவது பேசினா நல்லது சார்" என்றாள். அவள் வேலையை அவள் செய்தாள்.

போதகரிடமும் போனேன். மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சொன்னபடி அவனோடு சேர்ந்து பட்டினி கிடக்கிறார், ஏமாற்றவில்லை. பாஸ்டர், அவன் குரல் மிஷின் வேலை, நான் திருகித் திருகி வைக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "எனக்கும் அதே மிஷின்தானே தம்பி. நான் பாடினா மட்டும் ஏன் ஆடு கத்துற மாதிரி இருக்கு?" அது உண்மை. அவர் குரலை எந்த எக்கோவாலும் தேற்ற முடிந்ததில்லை, நானும் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு நான் சொல்லவந்தது போயிற்று. மாத்திரையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் சிரிப்பு நின்றது. "நான் போடுன்னுதான் சொன்னேன். வேணாம்ங்கிறது அவனோட விசுவாசம். அதுல கை வெச்சா உடைஞ்சுபோயிடுவானோன்னு பயமா இருக்கு எனக்கு" என்றார். அவர் பயந்ததும் நான் பயந்ததும் ஒன்றேதான். ஆனால் ஒருவருக்கொருவர் உதவ வழியில்லாமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம்.

அவன் சாட்சி சொல்வது என்று முடிவாயிற்று. சபை முன்னால் நின்று, முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி மாறினேன் என்று சொல்லி, பாடி முடிக்கவேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை நான் ஒயர் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா படியேறி வந்தார். முந்தானையில் சுற்றி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். "உன் கண்ணாடி ரெடியாம். குடுக்கச் சொன்னான்" என்றார். மாட்டிக்கொண்டேன். மேடையின் சுவரில் எழுதியிருந்த வசனம் ஓரம் பிசிறில்லாமல் தெரிந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு அவனை நல்லா கேக்க வெச்சிடு தம்பி" என்றார். "வீட்ல பேசவே மாட்டேங்கிறான். கூப்பிட்டா திரும்பிப் பாக்க நேரமாகுது. ஆனா இங்க பாடும்போது பழைய பிள்ளையா இருக்கான். அதைக் கேட்டுத்தான் நான் அந்த வாரத்தை ஓட்டுறேன்."

"மாத்திரையை மறுபடி குடுங்கம்மா" என்றேன். "டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன்."

"எனக்கும் மனசு அடிச்சுக்குது. சாட்சி முடியட்டும்னு அவங்கப்பா சொல்றாரு." கொஞ்ச நேரம் சேலை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, எதிர்பாராமல், "எங்ககிட்டயும் எல்லாத்தையும் சொன்னான், யாரு அந்தப் பையன்னு மட்டும் சொல்லல. உனக்குத் தெரியுமா?" என்றார்.

என் கையில் கேபிள் இருந்தது. ஒரு சுற்று வெளிப்பக்கம், ஒரு சுற்று உள்பக்கம். ஆமாம் என்றால் நாளையிலிருந்து மிக்சரில் வேறு ஒருவன் நிற்பான். தட்டிப் பார்க்கிறவன் எவனாவது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம், பெரிய காரணம்.

"தெரியாதும்மா."

"நல்ல பையனாத்தான் இருப்பான்" என்றார் எழுந்துகொண்டே. "இல்லன்னா இவன் இந்த அளவுக்கு மறைப்பானா." படியில் அவர் இறங்கிப்போகும் சத்தம் மெத்தைக் கடையின் கதவு வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி, படியிலும் ஆட்கள் நின்றார்கள். புதுக் கண்ணாடியோடு மிக்சருக்குப் பின்னால் நின்றேன். இத்தனை நாளும் அவனை இவ்வளவு தூரத்திலிருந்து மங்கலாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணுக்குக் கீழே குழி. உதடு வெடித்திருந்தது. மைக்கைப் பிடித்த கையின் மணிக்கட்டு எலும்பு வரைக்கும் தெரிந்தது. இதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்திருக்கும். காதில் விழுந்த குரலை நம்பி, கண்ணை நம்பாமல் விட்டிருப்பார்கள். அந்தக் குரலை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.

அன்று எடுத்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தேன். எக்கோ, கனம், லெவல், எல்லாவற்றையும். சபை அவனுடைய நிஜக் குரலைக் கேட்கட்டும். ஐயோ இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கட்டும். ஒரு ஆள் கேட்டால் போதும், அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட நான் தயாராக இருந்தேன். அவனிடம் இருக்கிற ஒரே சத்தத்தையும் பிடுங்குகிறேன் என்பது தெரியாமலில்லை. அதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆண்டவரே, தப்பாக இருந்தால் என் கையைத் தடுத்துவிடும் என்று கேட்டேன். யாரும் தடுக்கவில்லை.

சாட்சியைச் சுருக்கமாகச் சொன்னான். இருட்டில் இருந்தேன், இப்போது இல்லை என்றான். கூடத்தைப் பார்க்காமல், மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னான். பிறகு பாடத் தொடங்கினான். முதல் சரணத்தை விட்டுவைத்தேன், அவன் அம்மாவுக்காக. இரண்டாவது சரணத்தில் எக்கோவை எடுத்தேன். பிறகு கனத்தை. பிறகு லெவலை, ஒரு வரிக்கு ஒரு படியாக, அது எங்கே இருந்திருக்கவேண்டுமோ அங்கே கொண்டுவந்து வைத்தேன். அவன் காலடி ஸ்பீக்கரிலும்.

அவனுடைய குரல் கூடத்தில் தனியாக நின்றது. குரல் என்று சொல்லமுடியாது. விசிறிகளின் முனகல் அதைவிடக் கனமாக இருந்தது. கீபோர்டு வாசிக்கிறவர் திரும்பி என்னை முறைத்தார். முன்வரிசையில் அவன் அம்மா நிமிர்ந்தார். போதகர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், முகம் மாறியது. எழுந்துவிடுவார், இதோ நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுவார் என்று நான் மிக்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுந்தார். இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி, அந்த ஆட்டுக்குரலில், விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துப் பாடத் தொடங்கினார். அவனைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி பாடினார். முன்வரிசை எழுந்தது. அப்புறம் அடுத்த வரிசை. பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் கடைசி வரைக்கும் வந்தது. படியில் நின்றவர்களும் பாடினார்கள். கைகள் எல்லாம் மேலே போயின. கூரை அதிர்ந்தது. மைக்கே தேவையில்லாத சத்தம் அது, எந்த மிக்சரும் இல்லாத சத்தம். பிள்ளையால் பாட முடியவில்லை என்றதும் அவனுக்காகத் தாங்களே பாடினார்கள். அத்தனை பேரும் அழுதார்கள். அவ்வளவு அன்பு அவன்மேல். அந்த அன்புக்கடியில் அவன் குரல் காணாமல் போய்விட்டது.

ஹெட்போனை மாட்டினேன். மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் கீழே ஒரு சின்ன பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த ஒரு மைக் மட்டும் என் காதில் கேட்கும். மூன்றாவதை அமுக்கினேன். தூரத்தில் கடல் மாதிரி சபையின் பாட்டு, கிட்டத்தில் அவனுடைய மூச்சு. அவன் பாடவில்லை. மைக்கை உதட்டுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தைக் காட்டுகிற விளக்குக் கோட்டில், அடியிலிருந்த பச்சைப் புள்ளி ஒன்று மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

பிறகு, வீட்டில் பேசுகிற குரலில், "கேக்குதா?" என்றான்.

நான் கையைத் தூக்கினேன். கட்டைவிரலை எவ்வளவு உயரத்துக்கு முடியுமோ அவ்வளவு உயரத்துக்கு, நுனிக்காலில் நின்று தூக்கினேன். எனக்கு முன்னால் கூடம் முழுவதும் கைகள், வரிசை வரிசையாகத் தூக்கிய கைகள், அசைகிற கைகள். புதுக் கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கைகளுக்கு நடுவே, கடைசி வரிசைப் பக்கம், அவன் கண்கள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன.